ஆத்தா சொல்ல மாட்டாள்

ஜெயம்மா வாசலில் வந்து நின்று "ஆத்தா" என்று கூப்பிட்டபோது சாமுண்டீஸ்வரி முறத்தில் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்க்கவில்லை. போன ஆடி வரைக்கும் இதே வாய் அவளை "ஏ சாமுண்டி" என்றுதான் கூப்பிட்டது. குழாயடியில் குடம் முந்திப் போய்விட்டால் அதைவிட மோசமாகவும் கூப்பிட்டிருக்கிறது. இப்போது வாடைக்குப்பத்தில் முக்கால்வாசிப் பேருக்கு அவள் ஆத்தா. குழந்தை பால் குடிக்கவில்லை என்றால் திருநீறு பூசிக்கொள்ள வருகிறார்கள். புது வலை வாங்கினால் தொட்டுக் கொடுக்கச் சொல்கிறார்கள். பெயரே அம்மன் பெயர், அவள் மேல் இறங்காமல் வேறு யார் மேல் இறங்குவாள் என்று அதற்கொரு விளக்கம் வேறு. அந்தச் சொல்லைக் கேட்கும்போதெல்லாம் சாமுண்டீஸ்வரிக்கு ஆத்திரம் பற்றிக்கொண்டு வரும். அவள் ஒன்றும் பேசுவதில்லை. பேசாமல் இருப்பதையும் தெய்வ லட்சணம் என்று எடுத்துக்கொண்டார்கள், என்ன செய்ய.

ஜெயம்மா ஊர்த் தலைவர் துளசிங்கத்தின் மனைவி. கையிலிருந்த தாம்பாளத்தில் மஞ்சளும் எலுமிச்சம்பழமும் வேப்பிலைக் கொத்தும் இருந்தன. வெயிலில் ஓடி வந்ததில் மூச்சு வாங்கியது.

"கலைவாணி மேல ஆத்தா வந்துகீறா போல. காலைலர்ந்து ஒதறுது. பல்லு கடகடன்னு ஆடுது. நீ ஒருவாட்டி வந்து பாரு தாயே."

சாமுண்டீஸ்வரியின் கை கீரையில் அப்படியே நின்றது. துளசிங்கத்தின் மகள் கலைவாணி தலைப்பிரசவத்துக்கு வந்திருக்கிறாள். மீஞ்சூரில் கட்டிக்கொடுத்த பெண். வளைகாப்பு முடிந்து, கங்கையம்மனுக்குக் காப்புக் கட்டுவதற்கு முன்பே தாய்வீட்டுக்கு அழைத்து வந்துவிட்டார்கள். ஏழாம் மாதம்.

வாடைக்குப்பத்துக்கு ஒரு பக்கம் கடல், மறுபக்கம் பழவேற்காட்டு ஏரி. கடைக்கோ ஆஸ்பத்திரிக்கோ போக வேண்டுமானால் படகில் ஏரியைத் தாண்டித்தான் ஆக வேண்டும். ஆடியில் காப்புக் கட்டிவிட்டால் அதுவும் கிடையாது. அவிழ்க்கும் நாள் வரை யாரும் ஊர் எல்லையைத் தாண்டக்கூடாது. வீட்டில் தாளிக்கக்கூடாது, மீன் ஆகாது. படகுகளையெல்லாம் கரையேற்றி, முகப்பில் மஞ்சள் பூசி வேப்பிலை கட்டிவிடுவார்கள். அந்த வேப்பிலையில் கைவைக்கத் தலைவருக்கு மட்டும்தான் உரிமை. அக்கம்பக்கத்துக் குப்பங்களில் இதையெல்லாம் எப்போதோ தளர்த்திவிட்டார்கள். அங்கெல்லாம் காப்புக் கட்டிய மறுநாளே துறைமுக வேலைக்குக் காட்டுப்பள்ளி போய் வருகிறார்கள், அம்மனும் ஒன்றும் கோபித்துக்கொள்ளவில்லை. துளசிங்கம் தலைவரானதும் இங்கே மட்டும் முடிச்சை இறுக்கினார். ஊர் கட்டுக்குள் இருக்க வேண்டும் என்பார். யார் கட்டுக்குள் என்று யாரும் கேட்டதில்லை.

தலைவர் வீட்டுக் கூடத்தில், டைல்ஸ் தரையில் விரித்த பாயில், கம்பளி மேல் கம்பளி போர்த்திக் கலைவாணி சுருண்டு கிடந்தாள். கம்பளிகளோடு சேர்ந்து உடம்பு குலுங்கியது. சாமுண்டீஸ்வரி குனிந்து அவள் பாதத்தைத் தொட்டாள். ஐஸ் பெட்டியில் கைவிட்ட மாதிரி இருந்தது. நகமெல்லாம் நீலம் பாரித்திருந்தது. இன்னும் கொஞ்ச நேரத்தில் இதே உடம்பு அனலாகக் கொதிக்கும், பிறகு வேர்த்துக் கொட்டும், நாளைக்கு ஒன்றுமே நடக்காததுபோல் எழுந்து உட்கார்ந்து பசிக்கிறது என்று சொல்லும், நாளை மறுநாள் மறுபடியும் இந்த உதறல் வரும். இதைச் சொல்ல அவளுக்கு யாரும் தேவையில்லை. அவள் உடம்பிலேயே குடித்தனம் நடத்திவிட்டுப் போன காய்ச்சல் அது.

போன ஆடியில் அவளுக்கும் ஏழாம் மாதம்தான். கோயில் வாசலில் பெண்களோடு உட்கார்ந்திருந்தபோது முதுகுத்தண்டில் ஒரு குளிர் ஏறியது. பம்பை அடிக்க ஆரம்பித்த நேரமும் அதுவும் ஒன்றாகப் போனது அவள் தலைவிதி. தோள் ஆடியது, தாடை ஆடியது. பக்கத்திலிருந்தவள் விலகி உட்கார்ந்து குலவை போட்டாள். அந்த வருடம் ஏரியின் முகத்துவாரம் மண் மூடிக் கிடந்தது. கடலிலிருந்து இறால் உள்ளே ஏறவில்லை. வலை போட மிச்சமிருந்த ஒன்றிரண்டு நல்ல இடங்களில் யாருக்குப் பாடு, அதாவது எந்த நாள் யார் வலை போடும் முறை என்று ஊர் இரண்டாகப் பிரிந்து கழியும் கையுமாக நின்றிருந்தது. துளசிங்கம் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து அவள் முன்னால் மண்டியிட்டுக் கைகூப்பினார். "ஆத்தா, முகத்துவாரத்த தொறந்து உடுவியா?" என்று கேட்டார். அவள் தலை குளிரில் மேலும் கீழும் ஆடிக்கொண்டிருந்தது. ஊருக்கு அது போதுமாக இருந்தது. குடம் குடமாக மஞ்சள் தண்ணீரைத் தலையில் கொட்டினார்கள். குளிருது, ஒரு போர்வை கொடுங்கள் என்று அவள் சொன்னது பம்பைச் சத்தத்தில் யார் காதிலும் விழவில்லை. குடங்களை நிரப்பிக் கொடுத்தது அவள் புருஷன் லோகேஷ்.

மறுபடியும் காய்ச்சல் வந்தபோது அவன் போய்ப் படகு கேட்டான். "ஆத்தா எறங்கின ஒடம்புடா அது. எல்ல தாண்டினா ஊருக்கு ஆவாது. காப்பு அவுக்கட்டும்" என்று துளசிங்கம் சொல்லி அனுப்பினார். லோகேஷ் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு திரும்பி வந்தான். அதற்கப்புறமும் இரண்டு முறை அவள் உதறினாள். காப்பு அவிழ்த்துப் பொன்னேரி ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது வயிற்றுக்குள் அசைவில்லை. ஊசி போட்டு வலி வரவைத்து வெளியே எடுத்தார்கள். பெண் குழந்தை. மலேரியா என்றாள் டாக்டர், சின்னப் பெண். மாசமாக இருக்கும்போது வந்தால் தாயின் ரத்தத்தை அழித்துவிடும், பிள்ளைக்கு ரத்தம் போகிற வழியையும் அடைத்துவிடும் என்று விளக்கினாள். "ரெண்டு நாள் முன்னாடி வந்திருந்தாகூட" என்று ஆரம்பித்து அதோடு நிறுத்திக்கொண்டாள். யார் யாரோ கொடுத்த ரத்தம் ஏறித்தான் சாமுண்டீஸ்வரி பிழைத்தாள். வீட்டுக்கு வந்தபிறகும் மாதக்கணக்கில் ஒரு குடம் தூக்க முடியவில்லை. எழுந்து நின்றால் கண் இருட்டியது. தலைமுடி கொத்துக் கொத்தாகச் சீப்போடு வந்தது. மார்கழியில் அந்தக் காய்ச்சல் மறுபடியும் எட்டிப் பார்த்தது. அவள் யாரிடமும் கேட்காமல் தனியாகப் படகேறிப் போய் மாத்திரை வாங்கி வந்தாள்.

இதற்குள் ஐப்பசி மழையில் வெள்ளம் வந்து முகத்துவாரம் உடைத்துக்கொண்டது. மழை பெய்தால் உடைத்துக்கொள்வது ஏரிக்கு ஒன்றும் புதிதல்ல. ஆனாலும் அந்தப் புகழ் அவளுக்குத்தான் போனது. அதற்கு முன்பே, குழந்தை போன கையோடு இழவு கேட்க வந்த துளசிங்கம் நாற்காலியில் உட்கார்ந்து காபி குடித்துவிட்டு, "ஊருக்கு வாக்கு குடுத்தா, அதுக்கு கூலியா கொழந்தைய எடுத்துனா. எல்லாம் ஆத்தா செயல்" என்று சொல்லிவிட்டுப் போனார். அந்த ஒரு வாக்கியத்தை வைத்துக்கொண்டுதான் சாமுண்டீஸ்வரி இந்த ஒரு வருடத்தையும் ஓட்டினாள். சோறு இறங்காத நாட்களிலும் அது உள்ளே இறங்கியது. அவர் வீட்டில் இடி விழவேண்டும் என்று அவள் வேண்டாத நாளில்லை. கூலி கேட்கிற ஆத்தா அவரிடமும் ஒருநாள் வந்து கேட்கட்டும் என்று காத்துக்கொண்டிருந்தாள்.

இப்போது ஆத்தா வந்து கேட்டிருந்தாள்.

"ஆத்தாதானே?" என்றாள் ஜெயம்மா.

துளசிங்கம் கதவோரம் நின்றிருந்தார். மணிக்கட்டில் மஞ்சள் கயிறு. வீட்டிலிருந்த அத்தனை பேரும் சாமுண்டீஸ்வரியின் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தபோது அவர் மட்டும் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஆத்தாதான் அத்தை. மஞ்சத்தண்ணி ஊத்துங்க."

சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் நடந்தாள். தெரு முனை தாண்டுவதற்குள் முதல் குடம் கொட்டுகிற சத்தமும் அந்தப் பெண்ணின் அலறலும் கேட்டன. நடையைத் தளர்த்தவில்லை. வீட்டுக்கு வந்து கீரையைக் கடைந்து, தாளிக்காத அந்தச் சப்பைக் குழம்பை ஊற்றி இரண்டு முறை சோறு போட்டுச் சாப்பிட்டாள். இவ்வளவு ருசியாக அவள் சாப்பிட்டு வெகுநாள் ஆகியிருந்தது.

லோகேஷ் வந்து உட்கார்ந்தான். விஷயம் அதற்குள் அவன் காதுக்கு வந்திருந்தது.

"இன்னா சொன்ன அங்க?"

"ஆத்தான்னு சொன்னேன்."

"அது காச்சல்தானேமே. ஒனக்கு தெரியாதா?"

"போன வருசம் கொடம் ரொப்பிக் குடுத்தியே, அப்ப ஒனக்கு தெரியலியா?"

அவன் சாப்பிடாமல் எழுந்து போனான். போகட்டும் என்று விட்டுவிட்டாள்.

மறுநாள் கலைவாணி எழுந்து நடந்தாள். தலைக்குக் குளிப்பாட்டி, பூ வைத்துக் கோயிலுக்குக் கூட்டிவந்தார்கள். முகம் மட்டும் வெளுத்திருந்தது, கீழிமை வெள்ளைத்துணி மாதிரி இருந்தது. ஆத்தா சாந்தமாகிவிட்டாள் என்று ஜெயம்மா எல்லோருக்கும் பானகம் கொடுத்தாள். சாமுண்டீஸ்வரியும் ஒரு டம்ளர் வாங்கிக் குடித்தாள். நாளைக்கு என்ன நடக்கும் என்று அந்தக் கூட்டத்தில் தனக்கு மட்டும் தெரியும் என்பது பானகத்தைவிட இனிப்பாக இருந்தது. பொன்னேரி டாக்டர் சொல்லி முடிக்காமல் விட்ட அந்த இரண்டு நாளை இப்போது அவள் கலைவாணியிடமிருந்து எடுத்துக்கொண்டிருந்தாள்.

அடுத்த நாள் காலையில் யாரும் கூப்பிடாமலே தலைவர் வீட்டுக்குப் போனாள். பார்க்கத்தான் போனாள், காப்பாற்ற அல்ல. அதை மறைத்துச் சொல்ல ஒன்றுமில்லை. ஜெயம்மா தீர்த்தம் வாங்கக் கோயிலுக்கு ஓடியிருந்தாள். கலைவாணி தனியாகக் கிடந்தாள். உதறல் ஆரம்பமாகியிருந்தது. சாமுண்டீஸ்வரி சுவரில் சாய்ந்து நின்று பார்த்தாள்.

"அக்கா," என்றாள் கலைவாணி. ஊரில் இவளை இன்னும் அக்கா என்று கூப்பிட ஓர் ஆள் மிச்சம் இருந்தது. "ஒனக்கும் இப்டிதானே இருந்துச்சு?"

"ம்."

"இது ஆத்தா இல்லதானே?"

சாமுண்டீஸ்வரி வாசல் பக்கம் பார்த்தாள்.

"மீஞ்சூர்லர்ந்து அவரு போன் பண்ணினே கீறாரு. சும்மா சளிக் காச்சல்னு நைனா சொல்லி வெச்சிடுறாரு. நேத்துலர்ந்து உள்ள அசையறது கொறஞ்சுடுச்சுக்கா." பல் அடித்துக்கொண்டதில் சொற்கள் துண்டு துண்டாக வந்தன. "ஒனக்கு நின்னப்ப எப்டி தெரிஞ்சுது?"

இந்த ஒரு வருடத்தில் இதை அவளிடம் யாரும் கேட்டதில்லை. பெற்ற தாய் கேட்கவில்லை, லோகேஷ் கேட்கவில்லை. ஆத்தாவிடம் யார் இதையெல்லாம் கேட்பார்கள்? எதிராளியின் மகள் வந்துதானா கேட்க வேண்டும் என்று சாமுண்டீஸ்வரிக்கு ஆத்திரமாக இருந்தது.

"நிக்கறப்ப தெரியாது," என்றாள். "அப்பாலதான் தெரியும்."

கலைவாணி அழவில்லை. கம்பளிக்குள்ளிருந்து கையை நீட்டி இவள் புடவை முனையைப் பிடித்துக்கொண்டாள். அந்தக் கையை விலக்கிவிட்டு வெளியே வருவதற்கு சாமுண்டீஸ்வரி படாத பாடு பட்டாள்.

மாடிப்படி அடியில் துளசிங்கம் காத்திருந்தார். ஊர் முழுக்க ஆத்தா என்று கூப்பிட்டாலும் அவர் குரலைத் தாழ்த்தி, "சாமுண்டி" என்றார்.

"ஒரு வார்த்த ஒதவி பண்ணு. படகு எறக்கலாம்னு ஆத்தா உத்தரவு குடுத்துட்டான்னு கோயிலாண்ட வந்து சொல்லு. நீ சொன்னா ஊரு கேக்கும். ஒடனே இட்னு பூடலாம்."

"ஆத்தா சொல்ல மாட்டா. நீங்க சொல்லுங்க மாமா."

"நான் சொன்னா ஆவுமா? காப்பு கட்டின கை. போன வருசம் ஒனக்கு இல்லன்னுட்டு, இப்ப எம் பொண்ணுக்குன்னா மட்டும் எறக்குறியான்னு மூஞ்சில துப்புவானுங்க."

"துப்பட்டும்."

"அப்ப இருட்டினதும் நான் கம்முனு தள்ளினு போறேன். நீ கண்டும் காணாத மாதிரி இரு."

"இருட்டினப்புறம் நீங்க படகாண்ட போனீங்கன்னா கோயில் மணிய அடிச்சு ஊர கூட்டுவேன்." அவள் குரல் உயரவே இல்லை. "பகல்ல எறக்குங்க. தொறையில, அத்தன பேரு முன்னால, கைல கீற அந்தக் கயித்த நீங்களே அறுக்கணும். போன வருசம் எனக்கு வந்தது காச்சல்னு சொல்லணும். எங் கொழந்தைய எடுத்தது ஆத்தா இல்லன்னு சொல்லணும். நான் தொறையிலதான் இருப்பேன்."

துறையில் துளசிங்கத்தின் படகு மற்றப் படகுகளுக்கு முன்னால் இருந்தது. முகப்பில் கட்டிய வேப்பிலை காய்ந்து சுருண்டிருந்தது. சாமுண்டீஸ்வரி படகின் கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டு மணலில் உட்கார்ந்தாள். ஆடிக் காற்று ஏரித் தண்ணீரைக் கரைக்குத் தள்ளிக்கொண்டிருந்தது. எதிர்க்கரையில் கடைவீதிப் பக்கம் ஒரு லாரி போவது தெரிந்தது. அவ்வளவு கிட்டத்தில்தான் இருந்தது எதிர்க்கரை. அவர் வராவிட்டால் என்ன செய்வாள்? எழுந்து போய், ஆமாம், ஆத்தா உத்தரவு கொடுத்துவிட்டாள், படகை இறக்குங்கள் என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? சொல்ல மாட்டாள் என்று அவளுக்கு நன்றாகத் தெரிந்தது. அந்தப் பெண்ணும் வயிற்றிலிருப்பதும் போனாலும் சொல்ல மாட்டாள். தன் மனசு இவ்வளவு கெட்டுக் கிடப்பதைக் கண்டு அவளுக்கே பயமாக இருந்தது. ஆனாலும் எழுந்திருக்கவில்லை.

முதலில் லோகேஷ் வந்தான். பக்கத்தில் உட்காராமல் கொஞ்சம் தள்ளி நின்றான். "நூத்தியெட்டுக்கு சொல்லிட்டேன். அக்கரையில வந்து நிப்பாங்க," என்றான்.

பிறகு ஊர் வந்தது. கூழ் ஊற்றிவிட்டுத் திரும்பிய கூட்டம் அப்படியே துறைக்குத் திரும்பியிருந்தது. முன்னால் துளசிங்கம் வந்தார். பின்னால் ஜெயம்மாவும் இன்னொரு பெண்ணும் கலைவாணியைத் தாங்கிக்கொண்டு வந்தார்கள். உதறல் அடங்கி உடம்பு கொதிக்கத் தொடங்கியிருந்தது. கண் செருகியிருந்தது. துளசிங்கம் யார் முகத்தையும் பார்க்காமல் படகு முகப்பிலிருந்த வேப்பிலையைப் பிய்த்துக் கீழே போட்டார். இடுப்பிலிருந்த வலைக்கத்தியை எடுத்து மணிக்கட்டுக் கயிற்றில் வைத்தார். கயிறு மணலில் விழுந்ததும் பெண்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். "இன்னா தலைவரே, இது அடுக்குமா?" என்று கூட்டத்துக்குள்ளிருந்து ஒருத்தன் கேட்டான்.

"போன வருசம் சாமுண்டி மேல வந்தது ஆத்தா இல்ல," என்றார் துளசிங்கம். "காச்சல். அவ கொழந்தைய ஆத்தா எடுக்கல."

சாமுண்டீஸ்வரி கேட்டது அவ்வளவுதான். அதோடு அவர் நிறுத்தியிருக்கலாம். என்ன தோன்றியதோ, ஒரு வருடமாக அவருக்கும் தொண்டையில் கிடந்ததோ என்னவோ, நிறுத்தவில்லை.

"எனக்கு அன்னிக்கே தெரியும். சின்ன வயசுல மங்களூருக்கு விசைப்படகு வேலைக்கு போனப்ப எனக்கே வந்துது அது. அந்த ஒதறல பாத்ததுமே தெரிஞ்சுடுச்சு. ஊரு அடிச்சினு சாவறதுக்கு நின்னுது. ஆத்தா வாக்குன்னு ஒண்ணு கெடச்சா அடங்கும்னு கம்முனு இருந்துட்டேன். அப்பால மாத்திச் சொல்ல முடியல."

சாமுண்டீஸ்வரிக்குக் காதுக்குள் விர்ரென்றது. ஒரு வருடமாக அவள் வெறுத்தது ஒரு முட்டாளை. தெரியாமல் செய்துவிட்டான், தெரியாததற்காக அவன் நாசமாகப் போகட்டும் என்றுதான் சபித்திருந்தாள். மண்டியிட்டுக் கைகூப்பிய அந்த ஆளுக்குத் தெரிந்திருக்கிறது. படகு கேட்டபோது தெரிந்திருக்கிறது. காபி குடித்தபோது தெரிந்திருக்கிறது. ஜெயம்மாவைப் பார்த்தாள். அவளும் புருஷனையே பார்த்துக்கொண்டு நின்றாள். முந்தாநாள் மகள் தலையில் குடம் குடமாக ஊற்றும்போதும் இந்த மனுஷனுக்குத் தெரியும் என்கிற கணக்கு அவளுக்கு அப்போதுதான் வந்து சேர்ந்தது போலிருந்தது.

லோகேஷும் இன்னும் இரண்டு பேரும் படகைத் தண்ணீருக்குள் தள்ளினார்கள். கலைவாணியைத் தூக்கிப் படுக்கவைத்தார்கள். ஜெயம்மா ஏறி மகளின் தலையை மடியில் வைத்துக்கொண்டாள். துளசிங்கம் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஒரு காலைப் படகில் வைத்தார்.

"ஏறாத," என்றாள் சாமுண்டீஸ்வரி. கயிறு இன்னும் அவள் கையில்தான் இருந்தது.

"எம் பொண்ணும்மா அது."

"எனக்கும் பொண்ணுதான்."

அவர் ஜெயம்மாவைப் பார்த்தார். ஜெயம்மா முகத்தை ஏரிப் பக்கம் திருப்பிக்கொண்டாள். துளசிங்கம் காலை எடுத்தார். சாமுண்டீஸ்வரி கயிற்றைப் படகுக்குள் வீசிவிட்டு ஏறினாள். "கழிய எடு," என்று லோகேஷிடம் சொன்னாள். இந்த ஒரு வருடத்தில் அவள் அவனிடம் ஒன்றைச் செய்யச் சொன்னது அதுதான் முதல் தடவை. அவன் பாய்ந்து எடுத்தான்.

ஆழமில்லாத தண்ணீர். கழி சேற்றில் இறங்குவதும் எழுவதுமாகப் படகு நகர்ந்தது. கரையில் யாரும் கலையவில்லை. துளசிங்கம் மட்டும் முழங்கால் தண்ணீரில் நின்றுகொண்டிருந்தார். தண்ணீரில் நட்டிருந்த ஊர் எல்லைக்கம்பத்தைப் படகு தாண்டியபோது ஜெயம்மா கண்ணை மூடி எதையோ முணுமுணுத்தாள். கலைவாணி முனகினாள். உலர்ந்த உதட்டில் சாமுண்டீஸ்வரி தண்ணீர் தொட்டு வைத்தாள். பிறகு தயங்கித் தயங்கித் தன் கையை அவள் வயிற்றின் மேல் வைத்தாள். துணிக்கு மேலேயே சுட்டது. கையைக் கொஞ்சம் இடம் மாற்றி வைத்துப் பார்த்தாள். ஒன்றுமில்லை. இன்னும் கீழே வைத்தாள்.

ஜெயம்மாவின் இடுப்பில் செருகியிருந்த போன் அடித்தது. எடுத்துப் பார்த்தாள். திரையில் மகள் கல்யாணத்தில் எடுத்த படம், வெள்ளைச் சட்டையில் துளசிங்கம் சிரித்துக்கொண்டிருந்தார். ஜெயம்மா அதைப் பார்த்துவிட்டுச் சாமுண்டீஸ்வரியிடம் நீட்டினாள். அவள் வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். அடித்து ஓய்ந்தது. திரும்பவும் அடித்தது. தூரத்தில், இடுப்பளவு தண்ணீருக்கு வந்துவிட்டிருந்த அந்த உருவம் ஒரு கையைக் காதோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு நின்றது.

அப்போது உள்ளங்கையில் இடித்தது. சின்ன இடிதான். இன்னொன்றும் இடித்தது.

"அக்கா," என்றாள் கலைவாணி கண்ணைத் திறக்காமல். "ஆமா," என்றாள் சாமுண்டீஸ்வரி. "கீது." ஜெயம்மா வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். லோகேஷ் திரும்பிப் பார்த்துவிட்டுக் கழியை இன்னும் வேகமாக ஊன்றினான். மடியில் போன் அடித்துக்கொண்டே இருந்தது. சாமுண்டீஸ்வரி வயிற்றிலிருந்து கையை எடுக்கவில்லை.